சம்பவ நேரம்

காவல்துறையின் மறுபார்வைப் பிரிவுக்கு வருகிறவர்கள் வந்ததும் அழுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள். அன்று காலை பத்தரைக்கு வந்த அம்மாள் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியைக் காட்டியபோது, "நின்னே பழகிடுச்சுங்க. இஸ்திரிக் கடையில இருபத்தாறு வருஷம்" என்றார். முழங்கைக்குக் கீழே சூடுபட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன. கையில் வைத்திருந்த அரசாங்க அறிவிப்பைச் சட்டைபோல் நேர்த்தியாக மடித்திருந்தார்.

"என் தம்பி ஜெயில்லயே போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆகுதுங்க. அமரர் ஊர்தி ஓட்டினவன். கேஸை மூடப் போறோம், ஏதாவது சொல்லணும்னா வந்து சொல்லுங்கன்னு இதுல போட்டிருக்கு. நான் சொல்ல வரல, கேக்க வந்தேன். அவன் திருடினானா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரியை அலுவலகமே 'நிதானம்' என்றுதான் அழைக்கும். கட்டடம் தீப்பிடித்தாலும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் அவர் எழுந்திருப்பார் என்று காவலர்கள் சிரிப்பார்கள். இப்போதும் அவசரப்படாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வயது, புள்ளியியல் படித்தவர். தீர்ப்பான பழைய வழக்குகள் பதினாலாயிரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதிய வழக்கு ஒன்றைக் கொடுத்தால் குற்றவாளிக்கு என்ன வயது, எங்கே குடியிருப்பான், முன்னால் என்ன செய்திருப்பான் என்று அது சொல்லும்படி செய்தவர். அதனால் அவருக்கு 'ஜோசியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முறைத்தார். இப்போதெல்லாம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். அடுத்த மாதம் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அவருடைய ஏற்பாடு போகப்போகிறது. அதை விளக்கும் கூட்டத்தில் முதல் உதாரணமே இந்த வழக்குதான். கோப்பை மூட ஒரு கையெழுத்து வாங்கிப் போகலாம் என்று வந்த இடத்தில், செத்தவனின் அக்கா எதிரே நிற்கிறார்.

"தம்பி மேல பழைய கேஸ் ஒண்ணு இருந்துச்சு இல்லையா?" என்று நிதானம் கேட்டார்.

"இருந்துச்சுங்க. மறைக்க என்ன இருக்கு? பத்தொன்பது வயசுல கூட்டாளிங்களோட சேர்ந்து ஒரு குடோன் பூட்டை உடைச்சான். எட்டு மாசம் உள்ள இருந்தான். அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் வண்டிதான், வீடுதான். பொண்டாட்டி போனதுக்கப்புறம் பொண்ணை நானும் அவனுமா வளர்த்தோம். அது எட்டாவது படிக்குது. எழவு வீட்டுத் திருடன் பொண்ணுன்னு பள்ளிக்கூடத்துல கூப்பிடறாங்களாம். 'நிஜமா அத்தை?'ன்னு எங்கிட்ட கேக்குது."

அறிவிப்பை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு, "நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு அவன்தான்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சுன்னாங்க. கம்ப்யூட்டருக்கு எங்க மேல என்னங்க பகை? அதனாலதான் எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் ஜோசியர் கோப்பைத் திறந்தார்.

"பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா இதுல சந்தேகமே இல்ல. நாலு மாசத்துல அஞ்சு வீடு. அஞ்சும் சாவு நடந்த வீடு. குடும்பமே அடக்கத்துக்குப் போயிருந்த நாள்ல பின்கதவு வழியாப் புகுந்து நகையை எடுத்திருக்காங்க. அஞ்சு வீட்டையும் வரைபடத்துல வெச்சு வட்டம் போட்டேன். இந்த மாதிரி ஆள் தன் வீட்டுலேருந்து ரொம்ப தூரம் போக மாட்டான். அந்த வட்டத்துக்குள்ள பழைய குற்றவாளிங்க அறுநூத்து நாப்பது பேர். சம்பவமெல்லாம் சாயந்திரம் அஞ்சுலேருந்து ஏழுக்குள்ள. பூட்டு உடைப்பு. அஞ்சு வீட்டுச் சாவும் தெரிஞ்சிருக்கணும். எல்லாத்தையும் சலிச்சா மிஞ்சுறது ஒரே ஆள். வண்டியை நாலேகாலுக்கு ஷெட்டுல விட்டுட்டு சும்மா இருக்கறவர்."

"நகை கிடைச்சுதா?"

"இல்ல. எங்கேயோ ஒளிச்சுட்டார்."

"அவர் என்ன சொன்னார்?"

"எல்லாரும் சொல்றதைத்தான். 'நான் வண்டியோட மயானத்துல இருந்தேன்'னு. சம்பவம் நடந்தது அடக்கம் முடிஞ்சு, வண்டி ஷெட்டுக்குப் போனதுக்கப்புறம். மேடம், ஒரு விஷயம் பாருங்க. அவரைப் பிடிச்சதுலேருந்து இந்த மாதிரி ஒரு திருட்டு கூட நடக்கல. ஒண்ணு கூட. இதைவிட என்ன வேணும்?"

நிதானம் மூன்றாவது வீட்டின் புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த அலமாரி, தரையில் இறைந்த துணிகள், எரிகிற குழல்விளக்கு, சுவரில் பழைய கடிகாரம் ஒன்று.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?"

"புகார் வந்த அன்னிக்கே. சாயந்திரம் ஆறரை இருக்கும்."

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க ஜோசியரே. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

ஜோசியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் கணக்கு சரி என்பதை மேடம் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தார். ஓட்டுநரின் அக்காவுக்கும் அப்போது ஒரு தெளிவு கிடைக்கும். வழியெல்லாம் வட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது வீடு ஒரு பள்ளி ஆசிரியருடையது. இறந்தவர் அவருடைய அப்பா. கூடத்தில் நாற்காலிகளெல்லாம் சுவரோரமாக இருந்தன. நடுவில் ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அங்கே தரையில் நான்கு இடங்களில் சிறு குழிவுகள் துரு படிந்து நீள்சதுரமாகத் தெரிந்தன. ஜோசியர் அதைத் தாண்டிப் போய்விட்டார். நிதானம் மட்டும் அதன் அருகே சற்று நின்றுவிட்டு நடந்தார்.

சுவர்க் கடிகாரம் இன்னும் அதே இடத்தில் இருந்தது. முள் இரண்டுக்கு இருபது நிமிடம் முன்பாக நின்றிருந்தது.

"இது ஓடலையா?"

"அது அந்தக் காலத்துக் கரண்ட் கடிகாரம்ங்க" என்றார் ஆசிரியர். "கரண்ட் போனா நின்னுடும். திரும்ப வந்தாலும் தானா ஓடாது. பின்னாடி ஒரு திருகு இருக்கு, அதைச் சுத்தி விடணும். அப்பாதான் ஸ்டூல் போட்டு ஏறிச் சுத்துவார். அவர் போனதுக்கப்புறம் யாருக்கும் கை போகல."

"அடக்கத்தன்னைக்குக் காலைல ஓடிட்டு இருந்துச்சா?"

"நல்லா ஓடிச்சு. வண்டி எப்ப வரும்னு அதையேதான் பார்த்துட்டு இருந்தோம். பன்னிரண்டரைக்கு வண்டி வந்துச்சு. சாயந்திரம் அஞ்சேகாலுக்குத் திரும்பி வந்தா வீடே இருட்டு. மெயின் ஸ்விட்சை எவனோ இறக்கி விட்டிருந்தான். வாசல்ல கேமரா இருக்கில்ல, அதுக்காக இருக்கும். அது ரொம்ப நாளா ஓடலன்னு அவனுக்குத் தெரியாது."

ஜோசியர் கோப்பைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தார். ஆறரை மணிக்கு எடுத்த புகைப்படம் அது. அந்தப் படத்திலும் அந்தக் கடிகாரம் இதே நேரத்தைத்தான் காட்டியிருக்கிறது. அந்தப் படத்தை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்!

"இரண்டுக்கு இருபது நிமிஷம் முன்னாடி நீங்க எல்லாரும் எங்கே இருந்தீங்க?" என்று நிதானம் கேட்டார்.

"மயானத்துல. குழிக்குப் பக்கத்துல. நல்ல மழை. அம்மாவால நிக்க முடியல."

உள்ளறையிலிருந்து முதிய பெண்மணி ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "டிரைவர் தம்பிதாங்க எனக்குக் குடை பிடிச்சுது. இறக்கி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னுது. அது முழுசா நனைஞ்சு போச்சு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்தக் கைதான் எங்க வீட்டுல புகுந்துச்சுன்னு போலீஸ்காரங்க சொன்னப்போ, எனக்கு அந்தக் குடையை நினைச்சாலே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

ஆசிரியர் அம்மாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ" என்றார். "அந்த டிரைவர் மேல சந்தேகம்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

நிதானம் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கதவைக் காட்டச் சொன்னார். வெளியிலிருந்து பூட்டுப் போட்ட நாதாங்கி. மரச்சட்டத்தில் புதிய துளை எதுவும் இல்லை. பழைய துளைகளிலேயே திருகாணிகளை மறுபடி முடுக்கியிருந்தார்கள்.

"உடைச்சதுன்னு ரிப்போர்ட்ல இருக்கே?"

"உடைக்கலைங்க, கழற்றியிருந்தான். நாலு திருகாணியையும் கழற்றி, இதோ இந்த ஜன்னல் விளிம்புல வரிசையா நிக்க வெச்சிருந்தான். அதையே எடுத்துத் திரும்ப மாட்டிட்டேன். ஸ்டேஷன்ல சொன்னேன். எழுதினவர், 'எல்லாம் உடைப்புதான் சார், ஃபாரத்துல அந்த ஒரு கட்டம்தான் இருக்கு'ன்னார்."

புறப்படும்போது நிதானம் கூடத்தில் நின்றார். "இங்கே அப்பாவோட கட்டில் இருந்துச்சா?"

"வாடகைக் கட்டில்ங்க. தலைப்பக்கம் தூக்கி இறக்கற மாதிரி இரும்புக் கட்டில். எட்டு மாசம் அதுலதான் கிடந்தார். அடக்கத்துக்கு முந்தின நாள் ராத்திரி கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போனார்."

காரில் ஏறியதும் ஜோசியர் ஐந்து கோப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் படிவங்களைத் தள்ளிவிட்டு அடியிலிருந்த கைப்புகார்களைத் தேடினார். மக்கள் தங்கள் கையால் எழுதிக் கொடுத்தவை. இத்தனை நாளில் அவற்றை அவர் ஒரு தரம்கூடப் புரட்டவில்லை. புரட்டவேண்டிய வேலை அவருக்கு இல்லை. அவருக்கு வந்து சேர்வது கட்டங்கள் மட்டும்தான்.

"மேடம்," என்றார். "அஞ்சு பேரும் 'எங்களுக்குத் தெரிய வந்த நேரம்'னு எழுதியிருக்காங்க. அஞ்சேகால், ஆறு, ஆறரைன்னு. படிவத்துல ஏத்தினவங்க அதைச் 'சம்பவ நேரம்'னு ஏத்திட்டாங்க. அஞ்சு கேஸ்லயும் சம்பவ நேரத்துக்கும் புகார் நேரத்துக்கும் அரை மணி கூட வித்தியாசம் இல்ல. நான் அதைப் பார்த்தேன் மேடம். பரவாயில்ல, ஜனங்க உடனே புகார் குடுக்கறாங்களேன்னு நினைச்சேன்."

"ம்."

"நடந்தது மத்தியானம்னா அவர் வண்டியில இருந்திருக்கார். துக்கத்துக்கு வந்த நூறு பேர் கண்ணெதிரே இருந்திருக்கார். அந்த அஞ்சு சாவையும் தெரிஞ்சவர்னுதான் அவரைப் பிடிச்சோம். அதனாலயே அவர் மட்டும் அந்தத் திருட்டைப் பண்ணியிருக்க முடியாது."

நிதானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நாம இன்னும் பாதி வழிதான் வந்திருக்கோம். அந்த அக்காவுக்கு 'இல்லை'ன்னு சொல்லணும்னா, யாருன்னும் சொல்லியாகணும். இல்லேன்னா ஊர் நம்பாது" என்றார்.

அடுத்து இரண்டாவது வீட்டுக்குப் போனார்கள். அங்கே இறந்தது ஒரு மாமியார். மருமகள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே பேசினாள். அந்த வீட்டுக் கூடத்திலும் நான்கு குழிவுகள் இருந்தன. இந்த முறை ஜோசியரே முதலில் பார்த்தார்.

"நகையைத் தவிர வேற ஏதாவது காணாமப் போச்சாம்மா? எவ்வளவு அற்பமா இருந்தாலும் சரி" என்று நிதானம் கேட்டார்.

"வேற என்னங்க..." என்று யோசித்தாள். "திருட்டுல போனதான்னு தெரியல. அத்தைக்கு வலி மாத்திரை குடுத்துட்டு இருந்தோம். ரொம்ப வீரியமானது. மிச்சமிருந்தா ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுக்கணும்னு விதி. அடுத்த வாரம் கேட்டப்போ தேடினேன், அந்த டப்பாவே இல்ல. சாவு வீட்டுக் களேபரத்துல எங்கேயோ போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அவங்களும் விட்டுட்டாங்க."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"மாத்திரை டப்பாவைப் போய் யாருங்க திருடுவா?"

வாசலில் நின்றபடியே ஜோசியர் மற்ற மூன்று வீடுகளுக்கும் தொலைபேசியில் பேசினார். மூன்றிலும் நீண்ட நாள் படுக்கை, வாடகைக் கட்டில், வலி மாத்திரை. இரண்டு வீட்டில் மாத்திரையைக் காணவில்லை என்றார்கள். ஒரு வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கட்டில் யாரிடம் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே கடையைச் சொன்னார்கள்.

"நீங்க சொன்னீங்களே, அவரைப் பிடிச்சதுலேருந்து திருட்டு நின்னுடுச்சுன்னு" என்றார் நிதானம். "அதுதான் எனக்கும் காலையிலேருந்து உறுத்திட்டே இருக்கு. ஒரு திருட்டு ரெண்டு விதமா நிக்கலாம் ஜோசியரே. திருடன் மாட்டிக்கலாம். இல்லேன்னா அவனுக்குத் தேவை தீர்ந்து போகலாம். நகைக்கு ஆசைப்பட்டவனுக்குத் தேவை தீராது. இங்கே ஒரு நகைகூடக் கடைக்கு வரல. மாத்திரைக்காகப் போனவனுக்கு எப்பத் தீரும்?"

ஜோசியர் மடிக்கணினியைத் திறந்து, தன் பட்டியலில் அந்தக் கடையின் முகவரியைத் தேடினார். கடை வட்டத்துக்குள்ளேதான் இருந்தது, நடுமையத்திலிருந்து நான்கு தெரு தள்ளி. அறுநூற்று நாற்பது பெயரில் அந்த ஆளின் பெயர் இல்லை. வாழ்நாளில் அவர் மேல் எந்த வழக்கும் கிடையாது. ஏற்கெனவே ஒரு தரம் மாட்டியவர்களுக்குள்ளேயே தேடும்படி அந்த ஏற்பாட்டைச் செய்ததும் ஜோசியர்தான்.

மருத்துவமனைக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது கடை. சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், சாய்த்து வைத்த இரும்புக் கட்டில்கள், சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர் ஒருவர் குத்துக்காலிட்டு ஒரு கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் ஜன்னல் விளிம்பில், தலை கீழாக, வரிசையாக நிற்க வைத்துக்கொண்டே வந்தார். ஜோசியர் அதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

நிதானம் அடையாள அட்டையைக் காட்டினார். "சாவன்னைக்குத் திருட்டுப் போன அஞ்சு வீட்டுக்கும் கட்டில் உங்களதுதான்."

"பாதி ஊருக்கு நான்தாங்க குடுக்கறேன்."

"ஆமா. அதனால யார் வீட்டுல யாருக்கு என்ன நோய், மருந்து எந்த அலமாரியில இருக்கு, பின்கதவு எப்படி, மெயின் ஸ்விட்ச் எங்கேன்னு உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்ததும் முதல் போன் வண்டிக்கு, ரெண்டாவது போன் உங்களுக்கு. கட்டிலை எடுக்கப் போறப்பவே அடக்கம் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சுடும். ஆனா கட்டில் எடுக்கறப்போ வீடு நிறைய ஜனம். மருந்தை எடுக்க முடியாது. வீடு காலியாகறது ஒரே ஒரு நேரம்தான்."

அவர் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. கைமட்டும் நின்றுவிட்டது.

"உங்க வீட்டம்மா எப்ப தவறினாங்க?" என்று நிதானம் கேட்டார்.

அவர் தேதியைச் சொன்னார். பிடிபட்ட பத்தாம் நாள் விடியற்காலையில் ஓட்டுநர் சிறையில் நெஞ்சுவலி என்று சொல்ல, யாரும் நம்பாமல் விட, காலையில் கைதிகளை எண்ணும்போது இறந்து கிடந்தாரே, அதற்கு இரண்டாம் நாள் அது.

கட்டில்காரர் மெத்தையில்லாத கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அழவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போலத் தானாகவே பேசினார்.

"வலியில கத்தறவங்களைப் பார்த்திருப்பீங்க. கத்தவும் தெம்பில்லாம வாயை மட்டும் திறக்கறவங்களைப் பார்த்திருக்கீங்களா மேடம்? ஒரு வாரத்துக்குன்னு குடுக்கற மாத்திரை நாலு நாள்ல தீர்ந்துடும். மிச்ச மூணு நாள் அவ என் முகத்தைப் பார்ப்பா. ஸ்டாக் இல்லைம்பாங்க, திங்கக்கிழமை வாம்பாங்க. ஒரு வீட்டுல கட்டில் எடுக்கப் போனப்போ மிச்ச மாத்திரையைக் கேட்டேன். திருப்பிக் குடுக்கணும்னு விதியிருக்குண்ணேன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. அதுமேல தப்பில்ல. விதி அதுதான். அதுக்கப்புறம் நான் யாரையும் கேக்கல."

எழுந்து உள்ளே போய், ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஐந்து துணி முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு எண்.

"ஒண்ணைக்கூட விக்கல. மருந்து மட்டும் போனா மருந்தைத் தேடுவாங்க. நகையும் போனா நகையை மட்டும்தான் தேடுவாங்கன்னு எடுத்தேன்."

வாசலில் நின்ற ஜோசியர், "அவரைப் பிடிச்சப்போ நீங்க வந்து சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார். அந்தக் கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவ உள்ள படுத்திருந்தா சார். நான் போயிட்டா தண்ணி குடுக்க ஆளில்ல. அவ போன மறு நிமிஷம் வந்துடணும்னுதான் இருந்தேன். கட்டின பொண்டாட்டி எப்பப் போவான்னு நாளை எண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன், போதுமா? அவளும் போனா. வண்டி வந்துச்சு. புது டிரைவர். பழையவர் எங்கேப்பான்னு கேட்டேன். 'முந்தாநாள் ஜெயில்லயே போயிட்டாருண்ணே'ன்னான்." கையை விரித்தார். "அதுக்கப்புறம் வந்து சொல்லி யாரைக் காப்பாத்தறது?"

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு" என்றார் நிதானம்.

அப்போதுதான் அந்த மனிதர் அழுதார்.

மறுநாள் ஜோசியர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த மாதக் கூட்டம் நடக்கக்கூடாது என்றும், பதினாலாயிரம் வழக்கையும் மூலப் புகாரோடு ஒப்பிடாமல் இனி ஒரு பெயரைக்கூடத் தரமாட்டேன் என்றும் அதில் இருந்தது. கூட்டத்தைத் தள்ளி வைப்பார்களா, அவரையே தள்ளி வைப்பார்களா என்று தெரியாது. நிதானத்தின் அறிக்கை தட்டச்சாகி வந்தபோது, தபாலில் போடவேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்றார் ஜோசியர்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல மேடம்."

"சரி, போயிட்டு வாங்க" என்றார் நிதானம்.

இஸ்திரிக் கடை ஒரு கார் நிற்கும் அளவு இடம். மதியம் மூன்றரை மணி வெயிலோடு பெட்டியின் சூடும் சேர்ந்து முகத்தில் அடித்தது. ஜோசியர் அறிக்கையை நீட்டவில்லை. "உங்க தம்பி திருடல" என்றார். "நடந்த நேரத்துல அவர் மயானத்துல ஒரு வயசானவங்களுக்குக் குடை பிடிச்சுட்டு நின்னுருக்கார். திருடினது வேற ஆள். ஒத்துக்கிட்டார்."

அந்த அம்மாள் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார். பாதி தேய்த்த சட்டையை மடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டார்.

"அப்ப அவன் பண்ணல."

"பண்ணல."

"நான் ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன் சார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான். நல்லா இருக்கியாடான்னு கேட்டிருக்கலாம். சாப்பிட்டியான்னு கேட்டிருக்கலாம். 'நிஜத்தைச் சொல்லுடா, எடுத்தியா?'ன்னு கேட்டுட்டேன். மிஷின் சொல்லுதே, அது எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு. அவன் ஒண்ணும் சொல்லல. என்னையே பார்த்தான். 'பாப்பாவைப் பார்த்துக்கக்கா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான். அதுக்கப்புறம் நான் அவனை உயிரோட பார்க்கல."

ஜோசியர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஊர் என்ன சொல்கிறது என்பதற்காக அந்த அம்மாள் படியேறி வரவில்லை என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"அந்த மிஷினை அப்படிச் சொல்ல வெச்சது நான்தான்" என்றார்.

அவர் ஜோசியரை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் ஜோசியரால் முடியவில்லை.

தெருமுனையில் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாகத் திரும்பினார்கள். கும்பலுக்குப் பின்னால், பத்தடி விட்டு, ஒரு சிறுமி தனியாக வந்தாள். கடைக்குள் புகுந்து பையை இறக்கியவள், புதிய ஆளைக் கண்டதும் அத்தையின் பின்னால் ஒதுங்கினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். "என் வாயால சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்கும்."

ஜோசியர் குனிந்தார். எத்தனையோ அதிகாரிகள் முன் படம் போட்டு விளக்கியவர் அறிக்கையை ஓரமாக வைத்தார். "உங்க அப்பா எதையும் திருடலம்மா. அந்த அஞ்சு நாளும் அவர் தன் வேலையைத்தான் பார்த்துட்டு இருந்தார்."

"அப்புறம் ஏன் பிடிச்சாங்க?"

"நான் தப்பாச் சொன்னேன். அதனால."

சிறுமி அவரையே பார்த்தாள். இவளுடைய அப்பா கம்பிக்குப் பின்னாலிருந்து தன் அக்காவைப் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. பிறகு, "இதை எங்க ஸ்கூல்ல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"வரேன்."

"எல்லாருக்கும் முன்னாடி?"

"எல்லாருக்கும் முன்னாடி."

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, முதல் மணி அடிப்பதற்கு முன்பாகவே, அவர் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.